ஒரு தடவை பறக்கவிட ஆறு டாலரா? மாடல் ராக்கெட் மோட்டார் விலை

மஞ்சள்ஃபின் (டெக்சஸ்) எழுதியது:

வணக்கம். கொஞ்சம் புலம்பல், கொஞ்சம் கேள்வி. பையனுக்கு ஒன்பது வயதில் ஒரு சின்ன ராக்கெட் கிட் வாங்கிக் கொடுத்ததில் ஆரம்பித்தது. இப்போது அவனுக்குப் பதிமூன்று, தங்கையும் சேர்ந்துகொண்டாள், வீட்டில் பறக்கிற நிலையில் பதினொரு ராக்கெட், மரத்தில் தொங்குகிற நிலையில் மூன்று. போன வாரம் கடையில் சி6-5 மோட்டார் ஒரு பாக்கெட்டும் டி12-5 இரண்டு பாக்கெட்டும் (ஏ, பி, சி என்று எழுத்து ஏற ஏற மோட்டார் பெரியது) எடுத்துக்கொண்டு பில் போடப் போனேன். திரையில் தொகையைப் பார்த்துவிட்டு ஒரு டி பாக்கெட்டைத் திருப்பி வைத்துவிட்டேன். பையன் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

சி மோட்டார் ஒன்றுக்கு ஐந்தாறு டாலர் ஆகிறது, டி என்றால் ஏறக்குறைய பத்து. ஒரு சனிக்கிழமை காலையில் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து எட்டுத் தடவையாவது விடாமல் ஓயமாட்டார்கள். ஒவ்வொன்றும் இரண்டு விநாடி நெருப்பு, அப்புறம் கையில் மிஞ்சுவது கருகின அட்டைக் குழாய். முன்பெல்லாம் ஒரு பெரிய கைவினைப் பொருள் கடையில் 40 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் கிடைக்கும், ஒரு பில்லுக்கு ஒரு பொருள்தான், அதனால் நான் ஒரு வரிசையிலும் மனைவி இன்னொரு வரிசையிலும் யாரோ எவரோ போல நின்று வாங்கியிருக்கிறோம். அந்தக் கூப்பனும் 2021-ல் போய்விட்டது.

விலை ஏன் இப்படி ஏறுகிறது என்று யாராவது விளக்க முடியுமா? உள்ளே இருப்பது கருமருந்துதானே, வெடியுப்பு, கந்தகம், கரித்தூள், ஆயிரம் வருஷத்துச் சரக்கு. அப்புறம், இன்னும் ஏறுவதற்குள் மொத்தமாக வாங்கி கராஜில் அடுக்கிவிடலாம் என்று ஒரு யோசனை, இல்லாவிட்டால் குழாயை வைத்துக்கொண்டு மருந்தை மட்டும் மாற்றும் ரீலோடு கேஸ் பக்கம் போகலாமா என்று இன்னொரு யோசனை. எது புத்திசாலித்தனம்?


பழையதாடி (கொலராடோ) எழுதியது:

முதலில் பணவீக்கத்தைக் கழித்துவிடுங்கள். அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி 2010-ல் 10 டாலருக்கு வாங்கிய பொருளுக்கு 2024-ல் 14 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும். 1970-ன் ஒரு டாலர் இன்றைக்கு எட்டு டாலர். அதனால் "நான் சின்னப் பையனாக இருந்தபோது சில்லறைக்குக் கிடைத்தது" என்று எங்கள் ராக்கெட் கிளப்பில் வெள்ளைக்காரத் தாத்தாக்கள் சொல்வதில் பாதியை நான் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. ஆனால் மீதிப் பாதி உண்மைதான்.

நீங்கள் கருமருந்துக்கு விலை கொடுப்பதாக நினைக்கிறீர்கள், அங்கேதான் கணக்கு உதைக்கிறது. அடுத்த முறை கடைக்குப் போனால் ஏ8-3 பாக்கெட்டையும் சி6-5 பாக்கெட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏ8-ல் மருந்து மூன்று கிராமுக்குச் சற்று மேல், சி6-ல் பதினொரு கிராம் அளவுக்கு. மூன்று மடங்குக்கு மேல் மருந்து இருக்கிறது, விலையிலோ ஒன்றிரண்டு டாலர்தான் வித்தியாசம். அப்படியானால் காசு மருந்துக்குப் போகவில்லை. நெருப்பு வெளியேறும் களிமண் நாசில், அதன்மேல் அழுத்தி இறுக்கிய மருந்து, அதன்மேல் தாமதத்துக்கான மருந்து, மேலே பாராசூட்டைத் தள்ளிவிடும் எஜெக்‌ஷன் சார்ஜ் என்று அந்த அட்டைக் குழாய்க்குள் நான்கு அடுக்கு. ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் சிலவற்றைப் பிடித்து எரித்துப் பார்க்க வேண்டும். காப்பீடு இருக்கிறது, வெடிபொருள் வகை என்பதால் லாரிக்காரர் கேட்கும் கூடுதல் இருக்கிறது, கடைக்காரர் பங்கு இருக்கிறது. ஏ ஆனாலும் சி ஆனாலும் இதெல்லாம் ஒன்றே.

இந்தத் தொழில் மலிவாக இருந்ததற்கே ஒரு இயந்திரம்தான் காரணம். 1950-களின் கடைசியில் டென்வரில் வெர்ன் எஸ்டெஸ் என்ற இளைஞர், அழுத்தக் காற்றிலும் ஹைட்ராலிக்கிலும் ஓடும் ஒரு இயந்திரத்தைக் கட்டினார், அதற்கு மேபல் என்று செல்லப்பெயர். ஐந்தாறு விநாடிக்கு ஒரு மோட்டாரைத் துப்பும். அதற்கு முன் மோட்டார் போதுமான அளவில் கிடைக்காமல் இந்த விளையாட்டே தள்ளாடிக்கொண்டிருந்தது. அப்புறம் அவர் கம்பெனி இங்கே கொலராடோவிலேயே பென்ரோஸ் ஊருக்கு வந்தது. இன்றைக்கும் அமெரிக்காவில் நாம் விடும் கருமருந்து மோட்டாரில் பெரும்பாலானது அங்கிருந்துதான். கிட்களில் பல சீனாவிலிருந்து வரும், மோட்டார் மட்டும் உள்ளூர்ச் சரக்கு.

இந்த விளையாட்டு தொங்குகிற ஒற்றை நூல் எவ்வளவு மெல்லியது என்பது 2021-ல் தெரிந்தது. லூசியானா மாநிலத்தில் மிண்டன் பக்கத்தில் கோயெக்ஸ் ஆலை, அமெரிக்காவில் கருமருந்து செய்த ஒரே ஆலை, பீரங்கிக்கும் அதுதான், பழைய பாணித் துப்பாக்கிக்காரர்களுக்கும் அதுதான், நமக்கும் அதுதான். அதை மூடப்போவதாக அந்தச் செப்டம்பரில் அப்போதைய உரிமையாளர் அறிவித்ததும் எங்கள் கிளப்பில் இழவு வீடு மாதிரி இருந்தது. 2022 தொடக்கத்தில் எஸ்டெஸ் தரப்பே அந்த ஆலையை வாங்கிக்கொண்டது. ஒரு பாக்கெட் மோட்டாரின் விலைக்குள் இப்போது ஒரு மருந்து ஆலையைக் கட்டிக் காப்பாற்றும் செலவும் ஏதோ ஒரு வகையில் இருக்கத்தான் செய்யும். நான் குறை சொல்லவில்லை. ஆலை மூடியிருந்தால் நாம் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கவே மாட்டோம்.


சிவகாசிக்காரன் (ஒஹையோ) எழுதியது:

ஊர்க்காரன் என்ற உரிமையில் ஒரு கேள்வி. எங்கள் பக்கம் தீபாவளிக்குப் பெட்டி பெட்டியாக ராக்கெட் வாணம் வாங்கிப் பாட்டிலில் சொருகி விட்டவன் நான். இங்கே ஒரு மோட்டாருக்குக் கொடுக்கிற காசில் அங்கே ஒரு பெட்டி வாங்கி, மிச்சத்தில் சங்குசக்கரமும் வாங்கலாம். அதே மருந்து, அதே அட்டைக் குழாய். என் சித்தப்பா ஒரு பட்டாசு ஆலையில் மருந்து அடைக்கிற வேலையில் இருந்தவர், வெயில் ஏறுவதற்கு முன்பே மருந்து கலக்கிற வேலையை முடித்துவிடுவார்கள் என்று சொல்வார். கை நேர்த்தி அப்படி. இங்கே நாமே உருட்டிக்கொண்டால் என்ன? பாதி விளையாட்டுக்குத்தான் கேட்கிறேன்.


பழையதாடி எழுதியது:

பாதி விளையாட்டுக்கும் வேண்டாம் தம்பி.

1957-ல் ஸ்புட்னிக் மேலே போனதும் இந்த நாட்டுப் பையன்கள் எல்லாம் இரும்புக் குழாயில் கண்டதை அடைத்துத் தீ வைத்தார்கள். விரல் போனது, கண் போனது, உயிரும் போனது. நெப்ராஸ்காவில் நார்ஃபோக் என்ற ஊரில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல், வாணவேடிக்கைப் பைத்தியம், அதற்கு முன்பே அட்டைக் குழாயில் அடைத்த மோட்டாரும் பாராசூட்டோடு இறங்கும் ராக்கெட்டும் செய்து வைத்திருந்தார். வைட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளத்தில் வேலை பார்த்த ஜி. ஹாரி ஸ்டைன் கையில் அது கிடைத்தபோது அவருக்குப் பிடித்துப்போன விஷயமே இதுதான்: பிள்ளைகள் ராக்கெட்டைக் கட்டட்டும், மருந்தை மட்டும் தொடாமல் கடையில் வாங்கட்டும். இந்த விளையாட்டின் அஸ்திவாரமே அந்த ஒரு வரி. என்ஏஆர் என்ற தேசிய ராக்கெட் சங்கத்தின் பாதுகாப்பு விதியிலும் இருக்கிறது, சான்று பெற்ற, விலைக்கு வாங்கிய மோட்டார் மட்டும், அதையும் நோண்டக் கூடாது. வீட்டில் செய்ததைக் கொண்டுவந்தால் கிளப்பில் வாசலைக் காட்டுவார்கள். காட்டவும் வேண்டும்.

வாணத்தோடு ஒப்பிடுவதும் சரியில்லை. வாணம் மேலே போய் வெடித்துவிட்டால் அதன் ஜோலி முடிந்தது. சி6-5 என்றால் எரிந்து முடித்து, ஐந்து விநாடி சும்மா மிதந்து, உச்சியில் வேகம் குறைந்த நேரம் பார்த்துப் பாராசூட்டைத் தள்ள வேண்டும். இரண்டு விநாடி முந்தினால் பாராசூட் கிழியும், இரண்டு விநாடி பிந்தினால் ராக்கெட் தலைகீழாக மண்ணில் குத்தும். அந்த ஐந்து விநாடி ஒவ்வொரு குழாயிலும் ஏறக்குறைய அதே ஐந்தாக இருப்பதற்குத்தான் காசு.


சிவகாசிக்காரன் எழுதியது:

சரி ஐயா, சரண். சித்தப்பாவிடம் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார். அவருக்கு இடது கையில் மூன்று விரல்தான்.


முட்டைக்குழு_அம்மா (வர்ஜீனியா) எழுதியது:

ஆறு டாலருக்குப் புலம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

என் மகள் பள்ளியில் அமெரிக்கன் ராக்கெட்ரி சேலஞ்ச் குழுவில் இருக்கிறாள். தெரியாதவர்களுக்கு: பச்சை முட்டையை ராக்கெட்டில் ஏற்றி, சொன்ன உயரத்துக்கு அனுப்பி, சொன்ன விநாடிக் கணக்கில் உடையாமல் இறக்க வேண்டும். உயரமும் நேரமும் வருஷா வருஷம் மாறும். மோட்டார் மொத்தம் 80 நியூட்டன்-விநாடியை (அது தரும் மொத்த உந்துதலின் அளவு) தாண்டக் கூடாது, அதாவது எஃப் வரைக்கும். இலக்கு உயரத்துக்கு இருபது அடி மேலே போனால் ராக்கெட்டில் கொஞ்சம் எடை சேர்த்து மறுபடி, கீழே நின்றால் எடை குறைத்து மறுபடி. காற்று, வெயில், ஈரம் எல்லாம் மாறும். பறக்கவிட்டுப் பறக்கவிட்டுத்தான் பிள்ளைகளுக்குக் கை பழகும், முப்பது தடவை என்பது சர்வ சாதாரணம். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு எஃப். பள்ளி கொடுத்த பணம் ஜனவரியிலேயே தீர்ந்துவிட்டது, மீதிக்கு நாங்கள் சமோசா விற்றோம். உண்மையாகத்தான்.

எஃப் என்றால் பெரும்பாலும் கருமருந்து இல்லை, காம்போசிட். அம்மோனியம் பெர்குளோரேட், ரப்பர் மாதிரி ஒரு பசை, பெரும்பாலும் அலுமினியத் தூளும். அதன் விலைக்கதை வேறு. 1988 மே 4 அன்று நெவாடாவில் ஹெண்டர்சன் ஊரில் பெப்கான் ஆலை வெடித்துச் சிதறியது. சேலஞ்சர் விபத்தால் விண்வெளி ஓடங்கள் பறக்காமல் நின்றிருந்த நேரம், வாங்க ஆள் இல்லாமல் பெர்குளோரேட் குவிந்து கிடந்தது. நாட்டிலேயே அதைச் செய்யும் ஆலை இரண்டுதான், அதில் ஒன்று அன்றைக்குப் போனது. யூட்டாவில் சீடர் சிட்டி பக்கம் புது ஆலை கட்டினார்கள். 1998-ல் போட்டிக் கம்பெனியும் இந்தத் தொழிலை விட்டுவிட, அமெரிக்காவில் ஒரே ஒரு தயாரிப்பாளர் என்று ஆனது. 2011-ல் ஓடங்களும் ஓய்வு பெற்றன. ஒவ்வொரு ஏவுதலுக்கும் நூற்றுக்கணக்கான டன் வாங்கிய ஆள் போய்விட்டால் ஆலைச் செலவு மிச்சமுள்ளவர்கள் தலையில்தானே விழும். இப்போது ஏவுகணைக்காரர்கள் வரிசையில் முன்னால் நிற்கிறார்கள். நாமெல்லாம் அந்த ஆலையின் கணக்கில் தூசி.

ரீலோடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். 29 மில்லிமீட்டர் அலுமினியக் கேஸ் ஒன்று வாங்கி, ஒவ்வொரு தடவையும் உள்ளே மருந்தும் கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் வளையங்களும் மட்டும் மாற்றினால் ஒரு தடவைக்கு ஆகும் செலவு குறையும், அது சரி. ஆனால் வருஷத்துக்கு ஐந்து தடவை விடுகிறவருக்குக் கேஸ் காசே திரும்பாது. பறந்து முடிந்ததும் கேஸைக் கழுவ வேண்டும், கைநிறையக் கரி, கிரீஸ், ஒரு ஓ-ரிங்கை மறந்தால் கேஸே காலி. ராக்கெட் தொலைந்தால் கேஸும் சேர்ந்து தொலையும், நாங்கள் ஒன்றைச் சோளக்காட்டில் விட்டுவிட்டு அறுவடை வரை காத்திருந்தோம். எங்கள் கிளப்பில் ஒருவர் டாலருக்கு எத்தனை நியூட்டன்-விநாடி என்று பட்டியல் போட்டு, ஜி மோட்டார்தான் உலகத்திலேயே மலிவு என்பார். பிள்ளைகள் எண்ணுவது எத்தனை தடவை விட்டோம் என்பதைத்தான், நியூட்டன்-விநாடியை இல்லை.

ஒரு உருப்படியான விஷயம். ஆன்லைனில் பெரிய மோட்டார் வாங்கினால் அபாயப் பொருள் கட்டணம் பெட்டிக்கு இவ்வளவு என்று போடுவார்கள், உள்ளே ஒன்று இருந்தாலும் இருபது இருந்தாலும் அதே கட்டணம். நாங்கள் நான்கு குடும்பம் சேர்ந்து ஒரே பெட்டியாக வரவழைக்கிறோம். அதைவிட நல்லது, கிளப்பில் எல்லோரும் கூடி ராக்கெட் விடும் இடத்துக்கே சரக்கோடு வருகிற வியாபாரியிடம் வாங்குவது. அனுப்பும் செலவே கிடையாது.


காட்டோராஜா (அரிசோனா) எழுதியது:

கராஜில் அடுக்குவது என்ற யோசனையை மட்டும் இன்றைக்கே கைவிடுங்கள். என் பெயர்க் காரணமே அதுதான். மோட்டார் ஏவுமேடையிலேயே பிளந்துகொள்வதைக் கிளப்பில் காட்டோ என்பார்கள். விலை ஏறுகிறதே என்று ஒரு வருஷம் இ மோட்டாராக வாங்கி கராஜ் அலமாரியில் வைத்தேன். இங்கே கோடையில் கராஜுக்குள் முட்டை பொரிக்கலாம், குளிர்கால இரவில் நடுங்கும். கருமருந்து மோட்டார் இப்படிச் சூடாகி ஆறிச் சூடாகி ஆறினால் உள்ளே இறுகின மருந்தில் விரிசல் விடும், இல்லாவிட்டால் மருந்து குழாய்ச் சுவரைவிட்டுப் பிரியும், தீ ஒரே நேரத்தில் எல்லாப் பக்கமும் பிடித்துக்கொள்ளும். டி, இ மாதிரி நீளமான, பெரிய மோட்டாருக்கு இந்த வியாதி அதிகம். அடுத்த வருஷம் விட்ட ஆறில் இரண்டு வெடித்தன, மூன்று வாரம் உட்கார்ந்து பெயின்ட் அடித்த ராக்கெட்டில் நோஸ் கோன் என்கிற முனைக் கூம்பு மட்டும் மிஞ்சிப் பக்கத்து வயலில் கிடைத்தது. தப்பு முழுக்க என்னுடையது, மோட்டார்மேல் பழி இல்லை. காரின் டிக்கியில் வைத்து மறப்பதும் இதே கதைதான்.

வீட்டுக்குள்ளே வெப்பம் அதிகம் மாறாத அலமாரியில், ஈரம் இல்லாமல், பிள்ளைகள் கைக்கு எட்டாமல், அடுப்பு, ஹீட்டர் பக்கத்தில் இல்லாமல் வைத்தால் வருஷக்கணக்கில் கெடாது. 1970-களின் மோட்டாரை இன்றைக்கும் ஒழுங்காகப் பறக்கவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வீட்டுக்காரியைச் சமாதானப்படுத்துவது உங்கள் பொறுப்பு.

இன்னொன்று. நீங்கள் காசை விடுகிற இடம் மோட்டார் மட்டும் இல்லை, மரத்தில் தொங்கும் அந்த மூன்று ராக்கெட்டும்தான். என்ஏஆர் விதியில் மைதான அளவு போட்டிருப்பார்கள்: ஏ-க்கு 100 அடி, பி-க்கு 200, சி-க்கு 400, டி-க்கு 500, இ, எஃப் என்றால் 1000. உங்கள் மைதானம் எவ்வளவு? பெரிய மோட்டாரை வைத்துச் சின்ன மைதானத்தில் விட்டால் மோட்டாருக்கு ஒரு காசு, மரத்துக்கு ஒரு காசு. 13 மில்லிமீட்டர் மினி மோட்டார் பாக்கெட்டில் நான்கு வரும். அந்த வகை ராக்கெட் ஒன்றிரண்டு கட்டிப் பாருங்கள். கொசு அளவு கிட் மட்டும் வேண்டாம், அது போகிற திசைகூடத் தெரியாது.


மஞ்சள்ஃபின் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். எல்லோருக்கும் நன்றி. நான் பயன்படுத்தும் பள்ளி மைதானத்தை கூகுள் மேப்பில் அளந்தேன், குறுகிய பக்கம் 380 அடி. சி-யே அங்கே விடக் கூடாது, நானோ டி விட்டுக்கொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கிளப்பில் சேர்ந்தேன். டி எல்லாம் இனி மாதம் ஒரு தடவை அங்கேதான், ஆளுக்கு ஒன்று. இன்னொரு அப்பாவோடு சேர்ந்து 24 மோட்டார் இருக்கும் ஏ8-3 மொத்தப் பெட்டி ஒன்றைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம், அது இப்போது படுக்கையறை அலமாரியில் சேலைகளுக்கு மேல் இருக்கிறது, பேச்சுவார்த்தை இரண்டு நாள் நடந்தது. பாராசூட் கருகாமல் இருக்க வைக்கும் வாடிங் தாள்கூட இனி வாங்க வேண்டாம் என்று கிளப்பில் ஒரு பெரியவர் ஒரு பை நிறைய செல்லுலோஸ் பஞ்சு கொடுத்தார், வீட்டுக் கூரையில் குளிர் தாங்க அடைப்பார்களே, அது. அவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'நாய் வாந்தி'. பிள்ளைகளுக்கு ராக்கெட்டைவிட அந்தப் பெயர்தான் பிடித்திருக்கிறது.

13 மில்லிமீட்டரில் இரண்டு கட்டினோம். போன சனிக்கிழமை ஒன்பது தடவை, ஒன்றும் தொலையவில்லை. பையனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், சத்தம் பத்தவில்லை என்கிறான், அதை மறைக்கவில்லை. மகள் மட்டும் "அப்பா, இது இறங்குகிறதும் தெரிகிறது" என்றாள். இதுவரை நாங்கள் ராக்கெட் மறைகிற இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரே சிக்கல், அந்தக் குட்டி பாராசூட்டிலேயே காற்று அடித்தால் வேலி வரைக்கும் போகிறது. என்ன செய்யலாம்?


முட்டைக்குழு_அம்மா எழுதியது:

பாராசூட்டைக் கழற்றிவிட்டு ஸ்ட்ரீமர், அதாவது நீளமான தாள் பட்டை, கட்டுங்கள். அகலத்தைப்போல் பத்து மடங்கு நீளம், இரண்டு அங்குல அகலம் என்றால் இருபது அங்குலம். பிறந்தநாள் அலங்கார கிரேப் தாள் ஒரு சுருள் இருந்தால் வருஷம் முழுக்கப் போதும். விசிறி மடிப்பாக மடியுங்கள், சுருட்டினால் சில சமயம் விரியாது. நல்ல நிறமாக வாங்குங்கள், பச்சை வேண்டாம், புல்லில் தேடுவீர்கள்.